டெரெய்ன் ஜெனரேட் ஆகும்போது கேம் திக்குதா? எப்போ திக்குதுன்னு மொதல்ல பாருங்க

நாய்ஸ் (எடத்துக்கு எடம் சீரா ஏறி இறங்குற தற்செயல் எண்ண தர்ற ஃபங்ஷன்) வச்சு முடிவில்லாத உலகம் கட்றவங்க எல்லாரும் ஒரு நாள் வந்து நிக்கிற எடம் ஒண்ணுதான். மலை வந்துடுச்சு, பள்ளத்தாக்கு வந்துடுச்சு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியாச்சு, ஆனா கேம்ல நாலு அடி நடந்தா திக்குது. உடனே கை எங்க போகும்? நாய்ஸ் ஃபங்ஷன் மேலதான். நானும் அதேதான் பண்ணேன், பெர்லின் நாய்ஸ தூக்கிட்டு சிம்ப்ளெக்ஸ்னு இன்னொரு நாய்ஸ் போட்டு, அதையும் தூக்கிட்டு வேற ஒரு லைப்ரரி போட்டு, ரெண்டு வாரம் போச்சு, கடைசில பாத்தா பிரச்சனை கொலைடர்ல, அதாவது கால் தரைக்குள்ள போகாம தடுக்கிற மோதல் வடிவத்துல. வயித்துவலிக்கு தலையில தைலம் தேச்ச கதை. கென் பெர்லின் அந்த நாய்ஸ பேப்பரா வெளியிட்டது 1985ல, நாப்பது வருஷமா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கசக்கிப் பிழிஞ்சு வேகமாக்குன சமாச்சாரம் அது, மொத சந்தேகமே அது மேல வரவேண்டாம்.

அதனால இத நோய்க்கு மருந்து மாதிரி இல்லாம அறிகுறி வாரியா எழுதுறேன். உங்க கேம் எப்போ திக்குது, நடக்கும்போதா, நிக்கும்போதா, எல்லையத் தாண்டும்போதா, இருவது நிமிஷம் கழிச்சா, அதப் பாத்துட்டு அந்தப் பகுதிக்குப் போங்க. உதாரணமெல்லாம் யூனிட்டி கேம் இன்ஜின்ல இருக்கும், கணக்குக்கு ஒரு சங்க்னா (நிலத்த வெட்டி வச்ச ஒரு சதுரத் துண்டு) 129க்கு 129 வெர்டெக்ஸ் (மெஷ்ங்கிற முக்கோண வலையோட மூலைப் புள்ளி), அடுத்தடுத்த புள்ளிக்கு நடுவுல 1 மீட்டர் இடைவெளி, ஆட்டக்காரர சுத்தி எல்லாப் பக்கமும் 8 சங்க் தெரியுதுன்னு வச்சுக்கறேன், அதாவது மொத்தம் 17க்கு 17, 289 சங்க். கோடோ (Godot), அன்ரியல் மாதிரி வேற இன்ஜின் யூஸ் பண்றவங்களுக்கு பேருதான் மாறும், நோய் மாறாது.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு விஷயம்

எடிட்டர்ல ஓட்டிட்டு ஸ்லோன்னு சொல்லாதீங்க. எடிட்டர்ல சேஃப்டி செக் எல்லாம் ஆன்ல இருக்கும், பர்ஸ்ட் (Burst, ஜாப் கோட வேகமாக்குற கம்பைலர்) கம்பைல் பின்னாடி ஓடிட்டு இருக்கும்போது உங்க ஜாப் (வேற த்ரெட்ல ஓடவிடுற வேலை) சாதா வேகத்துல ஓடும், அதனால மொத சில செகண்ட் எப்பவுமே மோசமாத்தான் தெரியும். டெவலப்மென்ட் பில்ட் போட்டு, எந்த ஃபோன்ல விக்கப்போறீங்களோ அதுல ஓட்டி, ப்ரொஃபைலர (எதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற டூல்) கனெக்ட் பண்ணுங்க. டீப் ப்ரொஃபைல ஆன் பண்ணாதீங்க, அது ஒவ்வொரு சின்ன ஃபங்ஷன் காலுக்கும் தன்னோட செலவ சேத்துக்கும், பாவம் நாய்ஸ் ஃபங்ஷன் லட்சம் தடவ கூப்பிடப்படுறதால அதுதான் பெரிய குத்தவாளி மாதிரி தெரியும் (நான் ஏமாந்தது இங்கதான்). அதுக்கு பதிலா உங்க கோட்லயே நாய்ஸ், மெஷ், நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்ற திசை), கொலைடர்னு நாலு எடத்துல ப்ரொஃபைலர் மார்க்கர் போட்டுடுங்க.

இன்னொண்ணு, சராசரி எஃப்பிஎஸ் நம்பர பாக்காதீங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.6 மில்லிசெகண்ட். ஒரு செகண்ட்ல 59 ஃப்ரேம் 10 மில்லிசெகண்ட்ல முடிஞ்சு ஒண்ணே ஒண்ணு 150 மில்லிசெகண்ட் எடுத்தா சராசரி நல்லாத்தான் இருக்கும், வெளையாடுறவனுக்கு கடுப்பு வரும்.

"நடந்துட்டே இருக்கேன், சீரா ஒரு இடைவெளில டக்குன்னு ஒரு குலுக்கு"

பத்துல எட்டு பேருக்கு இதுதான். குலுக்கு வர்ற எடத்துல எல்லாம் ஒரு கல்லு நட்டு வச்சுப் பாருங்க, சரியா சங்க் எல்லையிலதான் வரும். எல்லையத் தாண்டுன உடனே முன்னாடி ஒரு வரிசை புதுசா வேணும், நம்ம கணக்குல 17 சங்க். குறுக்கா மூலையத் தாண்டுனா 33. இந்த முப்பத்து மூணையும் ஒரே ஃப்ரேம்ல ஃபார் லூப்ல போட்டு செஞ்சா திக்காம என்ன பண்ணும்.

பந்தி பரிமாறுற மாதிரி யோசிங்க, எல்லா இலைக்கும் ஒரே ஆள் ஒரே நேரத்துல சாம்பார் ஊத்த முடியாது, உக்காந்திருக்கிறவனுக்கு மொதல்ல ஊத்தணும், கை கழுவிட்டு வர்றவனுக்கு அப்பறம். அதாவது ஒரு க்யூ வைங்க, ஆட்டக்காரருக்குப் பக்கத்துல இருக்கிற சங்க் முன்னாடி வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க, பார்வை திரும்பியிருக்கிற பக்கத்துக்கு கொஞ்சம் சலுகை குடுங்க. அப்பறம் "ஃப்ரேமுக்கு ஒரு சங்க்"னு எண்ணிக்கை வைக்காதீங்க, நேரம் வைங்க. ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு 2 மில்லிசெகண்ட் தாண்டுனா மீதிய அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளிடுங்க. ஏன்னா உங்க கம்ப்யூட்டர்ல ஒரு சங்க் ஆகுற நேரமும் பழைய ஃபோன்ல ஆகுற நேரமும் ஒண்ணு கெடையாது, எண்ணிக்கை ரெண்டுக்கும் பொருந்தாது, நேரம் பொருந்தும்.

இத பண்ணியும் குலுக்குதா? அப்போ ஒரே ஒரு சங்க்கே பட்ஜெட்ட சாப்பிடுது. இங்க ஊகம் வேணாம், ஒவ்வொண்ணா கமென்ட் பண்ணிப் பாருங்க. மொதல்ல கொலைடர் வரி. மெஷ் கொலைடருக்கு ஒரு மெஷ்ஷ அசைன் பண்ற அந்த ஒத்த வரி இருக்கே, பாக்க சாது மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ள ஃபிசிக்ஸ் இன்ஜின் 32,768 முக்கோணத்தையும் வாங்கி, ஒட்டியிருக்கிற வெர்டெக்ஸ சேத்து, கெட்டுப்போன முக்கோணத்த தூக்கி, சீக்கிரம் தேடுறதுக்கு ஒரு மரம் (கிளை கிளையா பிரிச்சு வச்ச டேட்டா) கட்டும். இது மொத்தமும் மெயின் த்ரெட்ல (ஃப்ரேம ஓட்டுற அதே த்ரெட்ல) நடக்கும். ப்ரொஃபைலர்ல பேக்கிங்னு பேர் இருக்கிற ஒரு பெரிய பட்டை தெரிஞ்சா இதேதான்.

இதுக்கு வழி நாலஞ்சு இருக்கு, நான் போட்ட வரிசையில சொல்றேன். தூரத்து சங்க்குக்கு கொலைடரே போடாதீங்க, எட்டு சங்க் தள்ளி இருக்கிற மலை மேல யார் கால் வைக்கப்போறா, ஆட்டக்காரர் நிக்கிற சங்கும் சுத்தி இருக்கிற எட்டும் போதும், ஆக 289ல 9. அடுத்தது, கொலைடருக்கு கண்ணுக்குத் தெரியிற மெஷ்ஷையே குடுக்கணும்னு சட்டம் இல்ல, ரெண்டு வெர்டெக்ஸுக்கு ஒண்ணு எடுத்து குடுத்தா முக்கோணம் கால்வாசி ஆயிடும், கால் லேசா புதையிற மாதிரி தெரிஞ்சா மட்டும் பக்கத்துல இருக்கிறதுக்கு முழுசா குடுங்க. மூணாவதுதான் உண்மையான மருந்து, யூனிட்டி 2019.3ல இருந்து ஃபிசிக்ஸ் டாட் பேக்மெஷ்னு ஒண்ணு இருக்கு, அத ஜாப்ல இருந்து கூப்பிடலாம். வேற த்ரெட்ல பேக் பண்ணி முடிச்சுட்டு அப்பறம் மெயின் த்ரெட்ல கொலைடருக்கு அசைன் பண்ணா அது ரெடியா இருக்கிறத எடுத்துக்கும். ஒரு சூட்சுமம் இருக்கு, பேக் பண்ணும்போது இருக்கிற குக்கிங் ஆப்ஷனும் கொலைடர்ல இருக்கிற குக்கிங் ஆப்ஷனும் ஒண்ணா இருக்கணும், மாறி இருந்தா சத்தமே போடாம மறுபடியும் மெயின் த்ரெட்ல பேக் பண்ணிடும், நீங்க "ஜாப்ல போட்டும் பிரயோஜனம் இல்ல"ன்னு புலம்பிட்டு இருப்பீங்க. அந்த ஆப்ஷன்லயே மெஷ் க்ளீனிங், வெர்டெக்ஸ் வெல்டிங் ரெண்டையும் ஆஃப் பண்ணலாம், நீங்களே கட்டுன ஹைட்மேப் (புள்ளிக்கு ஒரு உயரம் மட்டும் வச்ச கட்டம்) மெஷ்ல குப்பை முக்கோணம் இருக்க வாய்ப்பில்ல, ஆஃப் பண்ணா பேக் வேகமாகும். குகை, தொங்குற பாறை எதுவும் இல்லாத வெறும் ஹைட்மேப் உலகம்னா டெரெய்ன் கொலைடரையே பரிசீலிங்க, உயரத்த மட்டும் வச்சு வேலை பாக்கிறதால அதுக்கு அந்த மரம் கட்ற வேலையே இல்ல.

கொலைடர் நிரபராதின்னா அடுத்தது ரீகால்குலேட் நார்மல்ஸ். அத தூக்கிட்டு நார்மல நீங்களே கணக்கு பண்ணுங்க, இடது வலது உயர வித்தியாசம், முன்ன பின்ன உயர வித்தியாசம், அவ்ளோதான், ஜாப்லயே முடிஞ்சுடும். இதுல கூடவே ஒரு லாபம், சங்க் எல்லையில வெளிச்சம் வெட்டுன மாதிரி ஒரு கோடு தெரியும் பாருங்க, அது ஏன் வருதுன்னா ரீகால்குலேட் நார்மல்ஸுக்கு பக்கத்து சங்க்ல என்ன முக்கோணம் இருக்குன்னு தெரியாது. நீங்க உயரத்த 131க்கு 131 கணக்கு பண்ணி, வெளி ஓரத்த நார்மலுக்கு மட்டும் யூஸ் பண்ணிட்டு தூக்கிப்போட்டா அந்தக் கோடும் போயிடும்.

மூணாவது சந்தேகம் மரம், செடி, கல்லு. சங்க்குக்கு இருநூறு மரம் இன்ஸ்டான்ஷியேட் பண்ணா அதுவே போதும். பூல் வைங்க (அழிக்காம எடுத்து வச்சு மறுபடி யூஸ் பண்றது), இல்ல புல்லு மாதிரி தொட முடியாத அயிட்டத்துக்கு கேம்ஆப்ஜெக்ட்டே வேணாம், இன்ஸ்டன்சிங்ல (ஒரே மெஷ்ஷ பல எடத்துல ஒரே தடவையா வரையிறது) வரைஞ்சுட்டுப் போங்க.

"நின்ன எடத்துல சும்மா நிக்கிறேன், அப்பவும் சில செகண்டுக்கு ஒரு தடவ விக்கல்"

சங்க் எதுவும் புதுசா வரல, ஆனா விக்கல் வருதுன்னா குப்பை வண்டி வருதுன்னு அர்த்தம், கார்பேஜ் கலெக்டர் (ஜிசி), யூஸ் முடிஞ்ச மெமரிய அள்ளுறது. ப்ரொஃபைலர்ல ஜிசி அலாக்னு இருக்கிற நெடுவரிசைய வச்சு வரிசைப்படுத்துங்க, நிக்கும்போது அது சைபரா இருக்கணும். பொதுவா மாட்டுறது, ஒவ்வொரு அப்டேட்லயும் "தெரியிற சங்க்"னு புதுசா ஒரு லிஸ்ட் உருவாக்குறது, லிங்க் (LINQ) போட்டு சார்ட் பண்றது, சங்க் பேர ஸ்ட்ரிங்கா ஒட்டி டிக்ஷனரில தேடுறது. இன்டிஜர் ரெண்டு வச்ச ஒரு ஸ்ட்ரக்ட்ட கீயா போட்டுட்டு அதுக்கு ஈக்வல்ஸும் ஹாஷும் ஒழுங்கா எழுதலன்னா அதுவும் ஒவ்வொரு தேடலுக்கும் குப்பை போடும், இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல.

நடக்கும்போது வர்ற குப்பைல ராஜா யாருன்னா மெஷ் டாட் வெர்டிசஸ். அது ஒரு அர்ரே மாதிரி நடிக்கும், ஆனா ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் முழு அர்ரேவையும் காப்பி எடுத்து குடுக்கும். நம்ம சங்க்ல 16,641 வெர்டெக்ஸ், ஒண்ணுக்கு 12 பைட், ஒரு காப்பி கிட்டத்தட்ட 200 கேபி. இப்ப ஒருத்தர் லூப்புக்குள்ள மெஷ் டாட் வெர்டிசஸ் ஆஃப் ஐ ன்னு எழுதி 16,641 தடவ சுத்துறார்னு வைங்க, ஒரு சங்க்குக்கு 3.3 ஜிபி குப்பை. மிகைப்படுத்தல, பெருக்கிப் பாருங்க. லூப்புக்கு வெளிய ஒரு வேரியபிள்ல வாங்கிட்டு உள்ள அத யூஸ் பண்ணாலே போதும், இந்த ஒரே மாத்தத்துல கேம் உயிர் பெத்து எழுந்தத பாத்திருக்கேன்.

அர்ரேவெல்லாம் சங்க்குக்கு சங்க் ஒரே சைஸ்தான், அதனால புதுசு புதுசா உருவாக்காம ஒரு பத்து செட் வச்சு சுத்தவிடுங்க. முக்கோண இன்டெக்ஸ் பட்டியல் எல்லா சங்க்குக்கும் ஒரே மாதிரிதானே, அத ஒரு தடவ செஞ்சு எல்லாருக்கும் குடுங்க. நேட்டிவ் அர்ரேக்கு மாறுனா கலெக்டர் அந்தப் பக்கமே வராது, ஆனா டிஸ்போஸ் பண்றது உங்க பொறுப்பு. இன்க்ரிமென்டல் ஜிசி ஆன் பண்ணா விக்கல் சின்னச் சின்னதா பிரியும், குப்பை கொறையாது, அத நம்பி மத்தத விட்டுடாதீங்க.

"எல்லாத்தையும் த்ரெட்ல போட்டாச்சு, ஒரு மாத்தமும் இல்ல"

மொத கேள்வி, ஸ்கெட்யூல் பண்ண அடுத்த வரியிலயே கம்ப்ளீட் கூப்பிட்டு இருக்கீங்களா? அப்படி இருந்தா மெயின் த்ரெட் வாசல்லயே கைகட்டி நின்னு வேலை முடியிற வரைக்கும் காத்துட்டு இருக்கும். ஆள வேலைக்கு அனுப்பிட்டு கூடவே பின்னாடி போயி நிக்கிற மாதிரி. ஹேண்டில எடுத்து வச்சுக்கிட்டு அடுத்தடுத்த ஃப்ரேம்ல முடிஞ்சுதான்னு கேளுங்க, முடிஞ்சப்பறம் கம்ப்ளீட் கூப்பிடுங்க. டெம்ப்ஜாப் அலொகேட்டர்ல எடுத்த மெமரிக்கு ஆயுசு 4 ஃப்ரேம்தான், அதுக்கு மேல ஓடுற ஜாப்னா பெர்சிஸ்டென்ட்ல எடுத்து நீங்களே பூல் பண்ணுங்க, இல்லன்னா கன்சோல்ல மஞ்ச மஞ்சயா எச்சரிக்கை கொட்டும்.

ரெண்டாவது, சங்க்குக்கு ஒரு த்ரெட்னு புதுசா தொறக்காதீங்க. கோர் எட்டுதான், 33 த்ரெட் தொறந்தா ஒருத்தர ஒருத்தர் தள்ளிட்டு நிப்பாங்க, அதுல மெயின் த்ரெட்டும் நசுங்கும்.

மூணாவது கொஞ்சம் வேடிக்கையானது. உயரத்துக்கு அனிமேஷன் கர்வ் வச்சு ஷேப் பண்றது ரொம்ப சகஜம், ஆனா அந்த இவால்யுவேட் பல த்ரெட்ல இருந்து ஒரே கர்வ்ல கூப்பிட்டா தப்புத்தப்பா மதிப்பு குடுக்கும், சமவெளி நடுவுல திடீர்னு முள்ளு மாதிரி ஒரு கம்பம் நிக்கும். பயந்துபோயி லாக் போடுவாங்க. முள்ளு போயிடும், கூடவே த்ரெட்டோட பலனும் போயிடும், ஏன்னா இப்ப எல்லா த்ரெட்டும் அந்த ஒரு லாக் முன்னாடி ரேஷன் கடை வரிசைல நிக்குது. கர்வ 256 மதிப்பா ஒரு டேபிள்ல எடுத்து வச்சுக்கிட்டு அதுல இருந்து வாசிங்க, லாக்கும் வேணாம், கர்வும் வேணாம், பர்ஸ்டுக்குள்ளயும் போகும்.

அப்பறம் ரத்து பண்றது. ஆட்டக்காரர் குதிரையில நாலு சங்க் தாண்டிப் போயிட்டார், பின்னாடி விட்டுட்டு வந்த சங்க்க இன்னமும் த்ரெட் உக்காந்து செதுக்கிட்டு இருக்கு, முன்னாடி வெறும் வானம். க்யூல இருந்து எடுக்கும்போது "இது இன்னும் வேணுமா"ன்னு தூரத்த ஒரு தடவ பாத்துட்டு எடுங்க. ரெண்டு வரி கோட்தான்.

நாய்ஸும் மெஷ்ஷும் த்ரெட்ல முடிஞ்சாலும் கடைசில ஜிபியூக்கு ஏத்துற வேலை மெயின் த்ரெட்லதான். அதுக்கு யூனிட்டி 2020ல வந்த மெஷ்டேட்டா ஏபிஐ யூஸ் பண்ணா ஜாப்லயே மெஷ்ஷோட மெமரில நேரா எழுதலாம், நடுவுல ஒரு காப்பி மிச்சம். பவுண்ட்ஸையும் நீங்களே குடுத்துடுங்க, குறைஞ்ச உயரம் கூடுன உயரம் ஏற்கனவே தெரியும்தானே.

"ஃப்ரேம் ரேட் நல்லாத்தான் இருக்கு, ஆனா சங்க் வந்து சேர லேட்டாகுது"

வாங்க, இப்பதான் நாய்ஸ் மேல கை வைக்கிற நேரம். கணக்கு போடுவோம். ஒரு சங்க் 16,641 புள்ளி, 8 ஆக்டேவ்னா (மேல மேல கூட்டுற நாய்ஸ் அடுக்கு) 1,33,128 நாய்ஸ் கால், அதாவது நாய்ஸ் ஃபங்ஷன அத்தனை தடவ கூப்பிடுறோம். டொமைன் வார்ப்பிங் (நாய்ஸுக்கு குடுக்கிற எடத்தையே இன்னொரு நாய்ஸால நெளிக்கிறது) போட்டு இருக்கீங்க, எக்ஸ் இசட் ரெண்டையும் தலா ஒரு எட்டு ஆக்டேவ்ல நெளிக்கிறீங்கன்னா மூணு மடங்கு, கிட்டத்தட்ட 4 லட்சம். வார்ப்புக்கு ரெண்டு ஆக்டேவ் போதும், பெரிய நெளிவுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த எட்டு ஆக்டேவும் தேவையா? மொத அலை 500 மீட்டர் நீளம்னு வைங்க, ஒவ்வொரு ஆக்டேவுக்கும் பாதியாகும், எட்டாவது 3.9 மீட்டர், ஒம்பதாவது 1.95. வெர்டெக்ஸ் இடைவெளி 1 மீட்டர்னா 2 மீட்டருக்கு கீழ இருக்கிற அலைய அந்த மெஷ்ஷால காட்டவே முடியாது, ஒம்பதாவதுல இருந்து போடுறதெல்லாம் ஆத்துல கரைச்ச புளி. அதவிட பெரிய மிச்சம் தூரத்துல இருக்கு. 8 மீட்டர் இடைவெளில வரையிற தூரத்து சங்க்ல 16 மீட்டருக்கு மேல இருக்கிற அலை மட்டும்தான் தெரியும், அதுக்கு 5 ஆக்டேவ் போதும், புள்ளியும் 17க்கு 17தான், ஆக 289 இன்ட்டு 5, வெறும் 1,445 கால். 1,33,128 எங்க 1,445 எங்க. ஆனா தூரத்துக்கும் முழு ஹைட்மேப்ப கணக்கு பண்ணிட்டு அப்பறம் எட்டுல ஒண்ணு எடுத்து மெஷ் பண்றவங்கதான் அதிகம், வேலையெல்லாம் பாத்துட்டு கூலிய விட்டுட்டு வர்ற மாதிரி. ஒரு எச்சரிக்கை, ஆக்டேவ குறைக்கும்போது கடைசில வகுக்குற அந்த மொத்த வீச்சு எண்ண மாத்திடாதீங்க, எட்டு ஆக்டேவுக்கு என்னவோ அதையே வைங்க, இல்லன்னா கிட்ட போகப்போக மலை குள்ளமாகும்.

குகையெல்லாம் இருக்கிற முப்பரிமாண உலகம்னா மைன்கிராஃப்ட்ட பாருங்க. 256 உயரம் இருந்த காலத்துல ஒரு சங்க் 16க்கு 16க்கு 256, மொத்தம் 65,536 பிளாக். அத்தனைக்கும் அடர்த்தி நாய்ஸ் கணக்கு பண்ணல, பக்கவாட்டுல 4 பிளாக்குக்கு ஒண்ணு, உயரத்துல 8 பிளாக்குக்கு ஒண்ணு, அதாவது 5க்கு 33க்கு 5, வெறும் 825 புள்ளில கணக்கு பண்ணிட்டு மீதிய நடுவுல நேர்கோட்டுல இழுத்து நிரப்பிக்கும். எம்பதுல ஒரு பங்கு வேலை. அந்த உலகத்தோட வழுவழு மலைச்சரிவு இதனாலயும்தான், யாரும் குறை சொல்லல.

வாக்சல் (பிளாக் பிளாக்கா கட்ற உலகம்) கோட்ல நான் அடிக்கடி பாக்கிற இன்னொரு கூத்து, மூணு லூப் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, உள்ளாற இருக்கிற ஒய் லூப்ல தரை உயரத்துக்கான ரெண்டு பரிமாண நாய்ஸ் கால். உயரம் எக்ஸ் இசட்ட மட்டும் பொறுத்தது, 256 தடவ போதும், இவர் 65,536 தடவ கேட்டுட்டு இருக்கார். அந்த வரிய ஒரு லூப் வெளிய தள்ளுங்க, அவ்ளோதான். பயோம் (காடு, பாலைவனம் மாதிரி நில வகை) கதையும் அதேதான், ஏழு பயோமுக்கும் உயரம் கணக்கு பண்ணிட்டு ஆறுக்கு சைபரால பெருக்குவாங்க. எடை சைபர்னா அந்த பயோம தாண்டிப் போங்க.

இதெல்லாம் முடிஞ்சப்பறம் பர்ஸ்ட். மேத்எஃப் பெர்லின்நாய்ஸ விட்டுட்டு யூனிட்டி மேத்தமாட்டிக்ஸ்ல இருக்கிற நாய்ஸுக்கு மாறி பர்ஸ்ட் போட்டா நல்ல வித்தியாசம் தெரியும். முப்பரிமாணத்துல பெர்லின் ஒரு புள்ளிக்கு 8 மூலைய பாக்கும், சிம்ப்ளெக்ஸ் 4தான் பாக்கும், அதனால அங்க மாறுறதுல அர்த்தம் இருக்கு, ரெண்டு பரிமாணத்துல அவ்ளோ லாபம் இல்ல. பேடன்ட் பயத்துல சிம்ப்ளெக்ஸ தொடாம இருந்தவங்களுக்கு, அது 2022 ஜனவரில காலாவதி ஆயாச்சு.

ஹைட்ராலிக் எரோஷன் (தண்ணி நிலத்த அரிக்கிற கணக்கு) போடணும்னு ஆசைப்படுறவங்க, அது பக்கத்து புள்ளியப் பாத்து ஓடுற கணக்கு, சங்க் சங்க்கா தனித்தனியா ஓட்டுனா எல்லையில ஆறு அறுந்து நிக்கும். முடிவில்லாத உலகத்துல ஓடவிட்டுட்டே பண்ண வேணாம், முன்னாடியே செஞ்ச துண்டுகள சேமிச்சு கலந்துக்கறது நிம்மதி. கம்ப்யூட் ஷேடர்ல பண்றவங்க கெட்டேட்டா கூப்பிட்டா சிபியூ ஜிபியூக்காக அப்படியே நின்னுடும், அசிங்க் ரீட்பேக் போடுங்க, சில ஃப்ரேம் லேட்டா வரும், பரவால்ல.

"புதுசா எதுவும் உருவாகல, நிக்கிறேன், எஃப்பிஎஸ் 25ஏ தாண்டல"

இது ஜெனரேஷன் பிரச்சனையே இல்ல, வரையிற பிரச்சனை. ப்ரொஃபைலர்ல வெயிட் ஃபார் ப்ரெசன்ட்னு ஒரு பெரிய பட்டை தெரியும், அத குத்தவாளின்னு நெனச்சு தேடாதீங்க, அது ஜிபியூவ எதிர்பாத்து சிபியூ காத்திருக்கிறது, இல்ல விசிங்க்குக்கு (திரை அடுத்து புதுப்பிக்கிற நேரத்துக்கு) காத்திருக்கிறது.

ரெசல்யூஷன பாதியாக்கிப் பாருங்க. எஃப்பிஎஸ் எகிறுச்சுன்னா ஷேடர்தான். டிரைபிளானர்ல (மூணு திசையில இருந்தும் டெக்ஸ்சர் ஒட்டுற முறை) நாலு லேயர், ஒவ்வொண்ணுக்கும் கலரும் நார்மல் மேப்பும்னா ஒரு பிக்சலுக்கு 24 டெக்ஸ்சர் வாசிப்பு, ஃபோன் ஜிபியூ அழுதுடும். செங்குத்தான சரிவுக்கு மட்டும் டிரைபிளானர் போதும், தூரத்துல நார்மல் மேப்பே வேணாம்.

எஃப்பிஎஸ் அசையலன்னா முக்கோணமோ டிரா காலோ (ஜிபியூவுக்கு "இத வரை"ன்னு குடுக்கிற ஒவ்வொரு கட்டளை). 289 சங்க்கும் முழு விவரத்துல இருந்தா 95 லட்சம் முக்கோணம், அதையே நிழலுக்கு மறுபடி வேற வரையணும். எல்ஓடி (தூரத்துக்கு விவரம் கம்மியான மெஷ்) போடுங்க, ஒரு படி இறங்குனா கால்வாசி. சங்க்குக்கு சங்க் டாட் மெட்டீரியல்னு தொட்டு கலர் மாத்தியிருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனி மெட்டீரியல் காப்பி உருவாகி இருக்கும், ஷேர்டு மெட்டீரியலுக்கு மாறுங்க. வாக்சல்னா உள்ள மறைஞ்சிருக்கிற முகங்கள வரையறீங்களான்னு பாருங்க, 16க்கு 16க்கு 16 கெட்டியான துண்டுல எல்லா முகத்தையும் போட்டா 24,576, வெளிய தெரியிறது மட்டும்னா 1,536, ஒரே பிளாக்கா இருந்து க்ரீடி மெஷிங்கும் (பக்கத்துப் பக்கத்து முகங்கள ஒரே பெரிய முகமா சேக்கிறது) போட்டா 6.

எல்ஓடில ரெண்டு வாலு இருக்கு. ஒண்ணு, ரெண்டு அளவு சங்க் சேர்ற எடத்துல ஓட்டை தெரியும், ஓரத்துல கீழ தொங்குற மாதிரி ஒரு பாவாடை கட்டிவிட்டா மறைஞ்சுடும். இன்னொண்ணு, ஆட்டக்காரர் சரியா எல்ஓடி மாறுற கோட்டுல முன்ன பின்ன ஆடிட்டு நின்னா ஒவ்வொரு அசைவுக்கும் மெஷ் மாறி மாறி உருவாகும். உள்ள போறதுக்கு ஒரு தூரம், வெளிய வர்றதுக்கு அதவிட கொஞ்சம் அதிக தூரம்னு வைங்க.

"இருவது நிமிஷம் நல்லா ஓடுது, அப்பறம் ஃபோன் கேம தூக்கி வெளிய போட்டுடுது"

மெமரி கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறிட்டே போகும். கேம்ஆப்ஜெக்ட்ட டெஸ்ட்ராய் பண்ணா மெஷ்ஷும் போயிடும்னு நெனப்போம், போகாது. கோட்ல நியூ மெஷ்னு உருவாக்குனத நீங்கதான் தனியா டெஸ்ட்ராய் பண்ணணும். நம்ம சங்க் ஒண்ணு, பொசிஷன் நார்மல் யூவி மட்டும் வச்சு வெர்டெக்ஸுக்கு 32 பைட், இன்டெக்ஸும் சேத்தா கிட்டத்தட்ட 0.7 எம்பி, மணிக்கு ஆயிரம் சங்க் தாண்டுறவர் 700 எம்பிய கசியவிட்டுட்டு போறார். டெஸ்ட்ராய் பண்றதவிட மெஷ்ஷ பூல்ல போட்டு மறுபடி எழுதுறது நல்லது. பூல் பண்ணப்போறதில்ல, கொலைடர் பேக்கும் முடிஞ்சாச்சுன்னா அப்லோட் மெஷ் டேட்டாவ ட்ரூ குடுத்து கூப்பிடுங்க, சிபியூ பக்கத்து காப்பி காலியாகும். பேக்குக்கு முன்னாடி கூப்பிட்டா கொலைடர் திட்டும். போன எடத்தையெல்லாம் டிக்ஷனரில காலத்துக்கும் வச்சிருக்காதீங்க, சீட் (உலகத்த முடிவு பண்ற ஆரம்ப எண்) இருக்கிற வரைக்கும் எந்த சங்க்கையும் திரும்ப செஞ்சுக்கலாம், ஆட்டக்காரர் தோண்டுனது கட்டுனது மட்டும் சேவ் பண்ணுங்க.

க்ராஷ் ஆகாம வெறும் வேகம் மட்டும் மெல்ல கொறையுதுன்னா ஃபோன தொட்டுப் பாருங்க. சூடாயிருந்தா சிபியூ தன்னத்தானே மெதுவாக்கிடுச்சு. டார்கெட் ஃப்ரேம் ரேட்ட 30ல கட்டிட்டு, ஜாப் த்ரெட் எல்லாத்தையும் முழு வேகத்துல ஓடவிடாம பாத்துக்கங்க.

"ரொம்ப தூரம் போனா எல்லாம் நடுங்குது"

32 பிட் ஃப்ளோட்ல 10,000 மீட்டர்ல ரெண்டு அடுத்தடுத்த எண்ணுக்கு நடுவுல 1 மில்லிமீட்டர் இடைவெளி, 1,00,000 மீட்டர்ல அது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். கேமராவும் கையும் நடுங்க ஆரம்பிக்கும், நாய்ஸ் படிக்கட்டு படிக்கட்டா வரும். சிலபேருக்கு தொடக்கத்துலயே இது வரும், ஏன்னா சீடுக்காக நாய்ஸுக்கு லட்சக்கணக்குல ஆஃப்செட் கூட்டியிருப்பாங்க, அத சில ஆயிரத்துக்குள்ள வைங்க. சங்க் முகவரிய இன்டிஜரா வச்சு, நாய்ஸுக்குள்ள போற எண்ண டபுள்ல கணக்கு பண்ணி, உலகத்தையே அப்பப்போ ஆட்டக்காரர் பக்கம் இழுத்துக்கணும், 5,000 மீட்டர் போனதும் எல்லாத்தையும் 5,000 பின்னாடி நகத்துறது. நகத்துற அந்த ஃப்ரேம்ல கொலைடர் எல்லாம் எடம் மாறுறதால ஒரு குலுக்கு வரும், மேல சொன்ன மாதிரி ஒம்பது சங்க்குக்கு மட்டும் கொலைடர் வச்சிருந்தா பெருசா தெரியாது. வேர்ல்ட் ஸ்பேஸ்ல (ஆட்டக்காரரோட சேராம உலக ஆயத்துல) ஓடுற பார்ட்டிக்கிளையும் ட்ரெயிலையும் சேத்து நகத்த மறந்துடாதீங்க, மறந்தா குதிரை வாலுக்குப் பின்னாடி 5 கிலோமீட்டருக்கு வானத்துல ஒரு கோடு இழுத்துட்டு நிக்கும்.